சட்டைப் பையில் பதினோரு வசனம்

ஆண்டவரையே ஏமாற்றப் பார்த்த முட்டாள் நான். அதுவும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து.

எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் காலை ஜெபம் முடிந்ததும் பைபிள் வசனங்கள் அச்சடித்த சீட்டுகள் நிறைந்த பிளாஸ்டிக் வசனப் பெட்டியிலிருந்து ஆளுக்கொரு சீட்டு எடுப்போம். அன்றைக்கு ஆண்டவர் சொல்வது அதுதான். மனைவியின் மார்பிலிருந்த கட்டிக்குப் பயாப்சி முடிவு வாங்கப் போகும் காலையில், அவள் அடுப்படியில் நின்ற நேரம் பார்த்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். பாடு, உபத்திரவம், மரணம் என்றிருந்த பதினோரு சீட்டைப் பொறுக்கிச் சட்டைப் பையில் திணித்தேன். இருபது வருடம் பாடகர் குழுவில் தொண்டை கிழியப் பாடியவனின் விசுவாசம் அவ்வளவுதான்.

அவளுக்குச் சமாதானத்தைப் பற்றிய வசனம் வந்தது. "ஆமென்" என்று நான்தான் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் பயம் தாங்காமல் பத்தாவது தடவையாகச் சட்டைப் பையிலிருந்து டோக்கனைப் பார்க்க எடுத்தேன். சீட்டுகள் மொத்தமும் அவள் மடியில் கொட்டின. ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"இதெல்லாம் எதுக்கு எடுத்திய?"

"நீ பயந்துரக் கூடாதுல்லா?"

"யாரு, நானா?" என்று என் கையிலிருந்த டோக்கனைப் பார்த்தாள். அது கசங்கிச் சுருண்டுபோயிருந்தது.

எங்கள் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணும் இருக்காதுட்டி, நல்ல வசனம்லா வந்திருக்கு" என்றேன்.

அவள் பதினோரு சீட்டையும் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வீட்டுக்குப் போனதும் இதையும் பெட்டியில போடணும், எந்திரிங்க."