மாமாவுக்கு வந்த கடிதங்கள்

“மாப்ள, மெட்ராசுல ஒரு தொரை கேள்வி கேப்பானாம். இவ இங்கிலீசுல பதில் சொல்லணுமாம். நீதான் சொல்லிக்குடுக்கணும்” என்றபடியே மாமா எங்கள் வீட்டுச் சுவரில் சைக்கிளைச் சாத்தினார். கேரியரில் ஒரு நீளமான பழுப்பு உறை இருந்தது. சென்னையிலிருக்கும் அமெரிக்கக் கான்சல் ஆபீசிலிருந்து வந்தது. அவர் மகள் அமெரிக்காவில் போய்க் குடியேற விசா கொடுக்கலாமா என்று நேரில் விசாரிக்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

எங்கள் இரண்டு வீட்டிலும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து வெளியே வந்தவன் நான் ஒருவன்தான். மாமாவின் படிப்பு கையெழுத்தோடு சரி. மாமன் மகள் எட்டாவதோடு நின்றவள். நான் காரைக்குடிக் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்து, பேங்க் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். துரையின் இங்கிலீஷைச் சமாளிக்க மாமாவுக்கு வேறு ஆள் கிடையாது.

அவளை எனக்கு என்று யாரும் வாக்குக் கொடுத்ததில்லை. கொடுக்கத் தேவை இருப்பதாக யாரும் நினைத்ததும் இல்லை. அத்தை மகன், மாமன் மகள். எனக்கு வேலை கிடைத்ததும் கல்யாணம். அதற்குள் நாட்டரசன்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்து எஞ்சினியர் ஒருவர், அமெரிக்காவில் வேலையிலிருந்தவர், பெண் பார்க்க மூன்று வார லீவில் வந்து இறங்கினார். மறுநாளே மாமா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஒரு வேட்டி துண்டும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பெண்ணை வெளியே கொடுப்பதென்றால் எங்களில் முறைக்காரனைக் கேட்க வேண்டும்.

“நீ சரின்னு சொன்னாத்தான்டா அடுத்த வேலை” என்றார்.

அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. நான் “சரி மாமா” என்றேன். வேலையில்லாத பி.எஸ்ஸி. வேறு என்ன சொல்வது? நான் சொன்ன வேகத்தைப் பார்த்து மாமாவே திடுக்கிட்டார். அந்த வேகத்துக்காக இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம்தான்.

கல்யாணம் முடிந்து எஞ்சினியரும் அவளும் பதினோரு நாள் சேர்ந்து இருந்தார்கள். பிறகு அவர் விமானம் ஏறினார். பத்து மாதம் கழித்து இந்த உறை.

உள்ளே இருந்த பட்டியலை மாமாவுக்குத் தமிழில் சொன்னேன். பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, கல்யாண போட்டோ, போலீஸ் சான்று, டாக்டர் சான்று. பஞ்சாயத்துப் பதிவேட்டில் அவள் பிறந்ததற்கு நேராக ‘பெண்’ என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை. உறவில் பெரியவர்கள் இரண்டு பேரை வக்கீலிடம் கூட்டிப்போய்ச் சத்தியப் பத்திரம் எழுதி வாங்கினேன். எங்கள் ஊர் கோவிலூருக்கும் காரைக்குடிக்கும் வெயிலில் மாற்றி மாற்றிச் சைக்கிள் மிதித்தேன். பார்த்தவர்கள் “வேற எவனாச்சும் செய்வானா? தங்கமான பய” என்றார்கள். இந்தக் காகிதம் கிடைக்காமல் போகட்டும், இன்னும் ஒரு மாதம் இழுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தங்கமான பையன் மிதித்துக்கொண்டிருந்தான்.

பட்டியலின் கடைசி வரியைப் படித்தபோது எனக்கு உள்ளே இனித்தது. கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள், இங்கிலீஷ் மொழிபெயர்ப்போடு. கல்யாணம் உண்மைதானா என்று அதை வைத்துப் பார்ப்பார்களாம்.

“கடுதாசிக்கு என்னடா பஞ்சம்?” என்று மாமா தகரப் பெட்டியைத் திறந்தார். நீல நிறத்தில் பதினாலு விமானத் தபால்கள். பதினாலும் மாமா பெயருக்கு. ‘மாமா அவர்களுக்கு வணக்கம்’ என்று தொடக்கம். அவளுக்கு என்று ஒன்றுகூட இல்லை. எங்கள் பக்கத்தில் புது மாப்பிள்ளை பெண்டாட்டி பெயருக்குக் கடிதம் போட்டால் தபால்காரர் முதற்கொண்டு கேலி பேசுவார்கள். மாமனாருக்கு எழுதி, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பதுதான் மரியாதை. இது எனக்குத் தெரியும். துரைக்குத் தெரியாது. அதில்தான் எனக்குச் சந்தோஷம்.

கடிதங்களை வீட்டுக்கு எடுத்துவந்து பிரித்தேன். சந்தோஷம் முதல் கடிதத்தோடு போயிற்று.

மேல் பாதி மாமாவுக்கு. மழை உண்டா, கண்மாய் பெருகியதா, உரம் கிடைக்கிறதா. அதன் கீழே இப்படி: ‘நான் இருக்கும் வீட்டில் இரண்டு குழாய். ஒன்றில் வெந்நீரே வருகிறது. விறகு வைத்து ஊத வேண்டியதில்லை. கண் எரியாது.’ இன்னொன்றில்: ‘ரசத்தில் உப்பு இல்லாத அன்று நான் சிரித்திருக்கக் கூடாது. இங்கே நானேதான் ரசம் வைக்கிறேன். சில நாள் புளியே மறந்துபோகிறது.’ மற்றொன்றில்: ‘சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். இலையெல்லாம் கொட்டிவிட்டது. சித்திரையில் துளிர்க்குமாம். அதற்குள் விசாக் காகிதமெல்லாம் சரியாகிவிட்டால் நல்லது.’

மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது. தபால் வந்தால் வாசித்துக் காட்டுகிறவள் அவள்தான். அது தெரிந்தே அந்த மனிதர் மேலே மாமனார் பெயரைப் போட்டுவிட்டுக் கீழே பெண்டாட்டியோடு பேசியிருக்கிறார், பதினாலு கடிதத்திலும்.

அமெரிக்கா வேலையை நினைத்துக்கூட நான் அவ்வளவு புழுங்கியதில்லை. மாமா வீட்டில் நான் பிறந்த நாளிலிருந்து சாப்பிட்டிருக்கிறேன். அவள் அடுப்பை ஊதி ஊதிக் கண்ணைத் துடைத்துக்கொள்வதை ஒரு நாளும் நான் கவனித்ததில்லை. இவர் பதினோரு நாளில் கவனித்துவிட்டார். அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் குழாயைப் பற்றி எழுதியிருப்பேன், கண்ணைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு வெகு நேரம் ஆயிற்று.

மொழிபெயர்த்தேன். மழை, கண்மாய், உரம், சௌக்கியம். மீதியெல்லாம் ‘வீட்டு விவரங்கள்’ என்று இரண்டே சொல்லில் அடங்கியது. ஒரு கடிதத்துக்கு ஐந்தாறு வரி. முக்கியமானதை மட்டும் சுருக்கி எழுதுவது நல்ல பழக்கம் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மாமா வீட்டு முற்றத்தில் ஒத்திகை நடந்தது. மடக்கு நாற்காலியில் நான்தான் துரை. எதிரே அவள். அத்தை சுவரோரம் உட்கார்ந்து மிளகாய் வற்றல் காம்பு கிள்ளினாள். மாமா வேலைக்குப் போகாமல் வேடிக்கை பார்த்தார்.

“தொரைக்கு மோர் கீர் வேணுமா?”

“சும்மா இருங்க மாமா. ஏம்மா, வாட் இஸ் யுவர் ஹஸ்பண்ட்ஸ் நேம்?”

அவள் தரையைப் பார்த்தாள். “எழுதிக் காட்டட்டுமா அத்தான்?”

“அங்க வாயத் தொறந்து சொல்லணும்.”

“புருசன் பேரச் சொல்ல வேண்டாம்ப்பா, ஆயுசு கொறையும்” என்றாள் அத்தை.

“அமெரிக்காவுல கொறையாது அத்தை.”

நான் அவர் பெயரைச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல, மூன்று நாள் இதே பாடம். முதல் நாள் காற்று மட்டும் வந்தது. இரண்டாம் நாள் பாதிப் பெயர் வந்தது, மீதிச் சிரிப்பு. மூன்றாம் நாள் முழுப் பெயரும் கணீரென்று வந்தது. அதற்குப் பிறகு கேட்காமலே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் எடுக்கும்போதுகூட உதடு அசைந்தது. என் வாயிலிருந்து எடுத்துக்கொண்ட பெயர்.

நாலாம் நாள் கடிதத்துக்கு வந்தோம். என் இங்கிலீஷ் தாளை உயர்த்திப் பிடித்து, துரையின் குரலில், தமிழிலேயே அதட்டினேன். “இதுல எதுவும் உனக்கு வந்த கடிதமில்லையே? உன்னைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே? இது என்ன கல்யாணம்?”

கொஞ்சம் ருசித்துத்தான் கேட்டேன்.

அவள் தாளைக் கையில் வாங்கினாள். மறு கையில் நீலக் கடிதத்தை வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன் அத்தான், அவுக இடம் விடாம நெருக்கி எழுதியிருக்காக. நீங்க அஞ்சு வரி எழுதியிருக்கீக. இங்கிலீசுல எழுதுனா இம்புட்டு வத்திப் போயிருமா?”

“முக்கியமானத மட்டும் எழுதினேன்.”

“எது முக்கியம்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

மாமா நிமிர்ந்தார். “என்னத்தா விட்டுட்டான்?”

அவள் கோபத்தில் கடிதத்தைப் பிரித்து உரக்க வாசித்தாள். குழாய், விறகு, கண். அடுத்ததைப் பிரித்து ரசம். வாசிக்க வாசிக்க மாமாவின் முகம் மாறியது.

“இந்தா, நில்லு. ரசத்தப் பத்தி மாப்பிள்ளை எப்ப எழுதுனாரு? எனக்கு நீ இத வாசிக்கவே இல்லையே?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தை மிளகாய்த் தட்டோடு குலுங்கிச் சிரித்தாள்.

“மழை, கண்மாய், ஒரம். அம்புட்டுத்தான் நீ எனக்கு வாசிச்சே. இவனும் அம்புட்டுத்தான் எழுதியிருக்கான். படிச்ச பயலும் படிச்ச புள்ளையும் ஒரே எடத்துல முழுங்கியிருக்கீக!” என்று மாமா தொடையைத் தட்டினார். அவருக்கு அது பெரிய வேடிக்கை. அவள் எதற்கு விட்டாள் என்று அங்கே எல்லாருக்கும் புரிந்தது. நான் எதற்கு விட்டேன் என்று அவளுக்கு மட்டும் புரிந்துவிட்டது. சிரிப்பு அடங்கிய பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை. அதைத் தாங்க முடியாமல் “குடு, திருப்பி எழுதுறேன்” என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்தேன்.

ஒரு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு வரியாக, அகராதியைப் புரட்டி எழுதினேன். எரியாத கண்ணையும், மறந்துபோன புளியையும், இலையில்லாத மரத்தையும். கொஞ்சம் மட்டமாக எழுதிப் பார்க்கலாம் என்றுகூட முயன்றேன். அந்த வரிகள் என்ன செய்தாலும் நன்றாகவே வந்தன. முடித்தபோது ஒரு எண்ணம் தேறுதலாக இருந்தது: துரை இதைப் படித்து மனமிரங்கி விசா கொடுத்தால், அது என் இங்கிலீஷுக்குக் கொடுத்தது. அவள் போனாலும் என் கையால்தான் போகிறாள்.

மூவருமாக ரயிலேறி எழும்பூரில் இறங்கினோம். கான்சல் ஆபீஸ் வாசலில் அவளை மட்டும் உள்ளே விட்டார்கள். மாமாவும் நானும் மவுண்ட் ரோட்டோரம் ஒரு மரத்தடியில் நின்றோம். மாமா காரைக்குடித் திசை எது என்று விசாரித்து, அங்குட்டுப் பார்த்துக் கும்பிட்டார்.

“கொப்புடையம்மா, புள்ளைக்கு விசா கெடைச்சா முடி எறக்குறேன். நீயும் வேண்டிக்கடா மாப்ள. ரெண்டு பேரு கேட்டா ஆத்தா தட்ட மாட்டா.”

நானும் கண்ணை மூடினேன். கிடைக்கக் கூடாது என்றுதான் வந்தது. அதை விழுங்கிவிட்டு வேறு மாதிரி வேண்டப் பார்த்தேன். மறுபடியும் அதுவே வந்தது. பக்கத்தில் அந்த மனிதர் உதடு நடுங்க வேண்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அம்மனுக்கும் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அவள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

“குடுத்துட்டாக அய்யா. நாளன்னைக்கு வந்து வாங்கிக்கிறச் சொல்லிட்டாக.”

மாமா நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதார். நான் கேட்டேன். “கேள்வியெல்லாம் புரிஞ்சுச்சா?”

“தமிழ் ஆளு ஒருத்தர் இருந்தாக அத்தான். கண்ணாடி போட்டவுக. தொரை கேக்குறத அவுகளே தமிழ்ல கேட்டாக. கடுதாசி ஏன் அய்யா பேருக்கு வந்திருக்குன்னாக. அய்யாவுக்கு நாந்தான் வாசிச்சுக் காட்டுவேன்னேன். வாங்கி அவுகளே படிச்சுப் பாத்தாக. ரசம் வந்ததும் சிரிச்சுட்டாக. தொரைகிட்ட சொன்னாக, தொரையும் சிரிச்சுட்டான். இப்ப உப்புப் போடுறியாம்மான்னு கேட்டாக.”

“அப்ப நான் எழுதுன இங்கிலீசு?”

அவள் பையைப் பார்த்தாள். “அது... உறைக்குள்ளயே இருக்கு அத்தான். கேக்கலையே.”

“பரவாயில்ல” என்றேன்.

“அந்தக் கண்ணாடிக்காரவுக, இனிமேலாச்சும் புருசனுக்கு நேரா எழுதும்மான்னு சொன்னாக” என்று அவள் மாமாவைப் பார்த்துச் சொன்னாள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு “தாராளமா எழுதுத்தா” என்றார்.

பக்கத்துத் தபாலாபீசில் ஒரு விமானத் தபால் தாள் வாங்கினோம். மாப்பிள்ளைக்கு உடனே சேதி போக வேண்டும். மாமா சொல்லச் சொல்ல எழுதினேன்: விசா கிடைத்தது, அம்மன் கிருபை, இந்த வருஷம் கண்மாய் பெருகவில்லை. பாதித் தாள் காலியாக இருந்தது. அவள் கையை நீட்டினாள்.

“பேனாவக் குடுங்க அத்தான்.”

இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். மெதுவாக, எழுத்துக் கூட்டுகிறவள் போல. என்ன எழுதுகிறாய் என்று மாமா கேட்டதற்கு “சும்மா” என்றாள். மடித்து, ஓரத்தைத் தானே ஒட்டி, விளிம்பை விரலால் நீவிவிட்டு என்னிடம் கொடுத்தாள். முகவரி மட்டும் நான் எழுதினேன். அவரிடமிருந்து வந்ததெல்லாம் நான் வரிவிடாமல் படித்தவன். அவருக்குப் போகும் இந்த ஒன்றுதான் என் கண்ணில் படவில்லை.

தபால் பெட்டி தெருவின் அந்தப் பக்கம் இருந்தது. கடந்து போய், அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, கடிதத்தை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். மெல்லிய தாள்தான். எழுத்துக்கள் தெரிந்தன. மடிப்பில் அவள் எழுதியதற்கு நேர் மேலே என் எழுத்து வந்து விழுந்திருந்தது. கண்மாயும் கிருபையும் குறுக்கே ஓடி எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டன. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

“போட்டுட்டியாடா?” என்று மாமா தெருவுக்கு அந்தப் புறமிருந்து கத்தினார்.

போட்டேன்.