பங்கு வைக்கிறவர் கடைசி

என் கணவர் வீட்டில் ஒரு பழக்கம். தின்பண்டம் எதுவானாலும் பங்கு வைக்கிறவர் கடைசியில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பண்ருட்டி பக்கம். பலாவுக்குக் குறைச்சல் இல்லாத ஊர், அங்கே இதெல்லாம் செல்லும். கடலூரில் நான் பிறந்த வீட்டில் முந்தின கைக்குத்தான் பெரிய துண்டு. கல்யாணமான புதிதில் இந்தச் சட்டத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

2008 கோடை விடுமுறை. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அந்த வருஷத்து முதல் பலாப்பழம் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியது. ஏழு வயதுப் பெரியவளுக்கு, மூலையில் கிடந்த பழத்தை மோந்து பார்ப்பதே வேலையாகிவிட்டது. அறுத்தால் பாதிக்கு மேல் அழுகல். இவர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, தேறிய சுளைகளைத் தட்டில் எடுத்துப் போட்டு, தட்டை அவளிடம் நீட்டினார்.

"இன்னிக்கி நீ பங்கு வை."

எனக்குச் சுருக்கென்றது. "ஏங்க, எத்தினி நாளா பாத்துக்கிட்டு கெடக்குது. மொதல்ல அது தின்னட்டுமே."

"அவ வைப்பா. நீ சும்மா இரு."

விளையாட வந்திருந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். எங்கள் இருவருக்கும் கொடுத்தாள், நாலு வயதுத் தங்கைக்கும் கொடுத்தாள். தட்டில் மிஞ்சியது ஒரே சுளை. அந்த நேரம் பார்த்துப் பால்காரம்மா வாசலில் வந்து நின்றார். பெரியவள் சுளையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். திரும்பி வந்தபோது உதடு துடித்தது, அழவில்லை. இந்த மனுஷரை நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று வாயெடுத்தேன்.

அதற்குள் இவர், அதுவரை தின்னாமல் கையிலேயே வைத்திருந்த சுளையைத் தட்டில் போட்டார். "மறுபடியும் பங்கு வைம்மா."

கட்டிக்கொண்டவரை அன்றுதான் நான் சரியாகப் பார்த்தேன் என்று தோன்றுகிறது. என்னுடையதையும் போட்டேன். சின்னவள் தன் சுளையை எப்போதோ விழுங்கியிருந்தாள். திருதிருவென்று முழித்துவிட்டு, கையில் பிசுபிசுத்துக் கிடந்த கொட்டையைத் தட்டில் வைத்தாள். "இது என்னுது."

பெரியவள் இரண்டு சுளைகளையும் பாதி பாதியாகக் கிழித்தாள். கொட்டை வைத்தவளுக்கும் ஒரு பாதி உண்டு. கடைசிப் பாதியை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் அந்தக் கொட்டையைக் கேட்டுச் சின்னவள் ஒரே ரகளை. வாணலியில் வறுத்து, தோலை உரித்துக் கொடுத்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து உடைத்தாள். அப்பாவுக்கு, எனக்கு, அக்காவுக்கு. அவளுக்கு மிஞ்சியது விரலில் ஒட்டிய மாவுதான். அதை நக்கிக்கொண்டாள். அவளிடம் யாரும் அந்தச் சட்டத்தைச் சொன்னதில்லை. நான் இவரைப் பார்த்தேன். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார், பேப்பர் ஆடிக்கொண்டிருந்தது.