கொழுந்து ரயிலும் டெம்பரவரி மருமகனும்

ரயிலில் வேலை என்று சொன்னால் ஊரில் மரியாதை உண்டு, அந்த ரயில் இடுப்பு உயரம்தான் என்பது ஊருக்குத் தெரியும் வரைக்கும்.

எழுபதுகளில் சாந்தன்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அப்படி ஒரு ரயில் ஓடியது. மேல் காட்டில் பறித்த கொழுந்தைக் கீழே பேக்டரிக்கு இறக்குவதற்காகப் போட்ட சின்ன லைன். ஒரு டீசல் எஞ்சின், அதன் பின்னால் மேல் மூடியில்லாத நாலு பெட்டி. நான் அதில் கிளார்க். பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன் நான் பார்த்த ஒரே உருப்படியான உத்தியோகம் அது, அதுவும் டெம்பரவரி. "அடுத்த மாசம் பாக்கலாம்" என்ற ஒரே பதிலைக் கேட்டுக் கேட்டுத் தேய்ந்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கடல் பார்த்த எஞ்சின்

தண்டவாளம், எஞ்சின், பெட்டி எல்லாமே கொச்சித் துறைமுகப் பக்கம் ஏலத்தில் எடுத்த பழைய சாமான்கள். கிடங்குக்கும் படகுத்துறைக்கும் நடுவே சரக்கு இழுத்து ஓய்ந்தவை. எஞ்சினின் நெற்றியில் நங்கூரம் வரைந்திருந்தது. சமதரையைத் தவிர எதையும் அறியாத அந்த எஞ்சின் எங்கள் மலையின் முதல் ஏற்றத்தைப் பார்த்ததும் நின்றது, பெருமூச்சு விட்டது, பிறகு கடலுக்கே திரும்பிவிடலாம் என்று முடிவு செய்ததுபோல் பின்னால் உருண்டது. அதைப் பிடித்து நிறுத்தியவன் பிரேக்மேன் மாடசாமி. திருநெல்வேலிப் பூர்வீகம், பிறந்து வளர்ந்ததெல்லாம் எஸ்டேட் லயத்தில், தமிழ் மட்டுமே பேசும் கூலி வரிசை வீடுகளில்.

மழைக்காலம் முடியும்வரை லைன் ஒழுங்காக ஓடினால் எங்கள் எல்லோருக்கும் வேலை 'ஸ்திரம்' என்று கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. எஸ்டேட்டில் நிரந்தர வேலைக்கு அந்த மலையாளச் சொல்தான். ஓடாவிட்டால் தண்டவாளம் காயலான் கடைக்கு, நாங்கள் வீட்டுக்கு. மற்றவர்களுக்கு இதில் ஆசைதான், மாடசாமிக்கு அவசரம். பேக்டரி வாட்ச்மேன் சுப்பையாவின் மகள் வேலம்மாளை அவனுக்குப் பெண் கேட்டிருந்தார்கள். வேலம்மாளுக்குப் பூரண சம்மதம். சுப்பையா மட்டும் பேக்டரி கேட்டை மறித்து நிற்பதுபோலக் குறுக்கே நின்றார்:

"வேலை டெம்பரவரி, பொண்டாட்டி மட்டும் ஸ்திரமா வேணுமோ? போவே, போயி மொதல்ல ரயில ஓட்டு!"

மாமாவுக்கு ஒரு பாஸ்

எனக்கு ஊர் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லைப் பக்கத்து வடகரப்பதி. எனக்கு ரயிலில் வேலை என்று அம்மா நாலு வீட்டில் சொல்லிவைக்க, அது ஐந்தாவது வீட்டில் ரயில்வேயில் வேலை என்று ஆகியிருந்தது. மாமா ஒருவர் பஸ் மாறிப் பஸ் மாறி மலை ஏறி வந்து சேர்ந்தார். குடும்பத்தோடு ராமேசுவரம் போய்வர ஒரு பாஸ் வேண்டும் என்றார். நான் வாயால் விளக்காமல், ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ரயிலையே காட்டினேன். அவர் எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து சக்கரத்தைப் பார்த்து, நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பாஸ் கெடக்குதுங்க மாப்ளே. எங்கூட்டு மாட்டு வண்டியே இதைய விட ஒசரமாச்சுங்களே!"

இறக்கம்

லைனுக்குப் பொறுப்பு குரியன் சார். கோட்டயத்துக்காரர், எஸ்டேட்டுக்குப் புதுசு, சட்டப்படி நடப்பவர். கொழுந்து ரயிலில் கொழுந்து மட்டுமே போக வேண்டும் என்பது அவருடைய முதல் சட்டம். ஆனால் நாள் முழுக்கக் காட்டில் நின்று பறித்த பெண்களுக்கு, அவர்கள் பறித்த கொழுந்து ஜம்மென்று வண்டியில் போவதும் அவர்கள் பின்னால் நடந்து போவதும் எந்த ஊர் நியாயம் என்று புரியவில்லை. மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து வந்தார்கள். ஏற்றிவிட்டவன் மாடசாமி. மூட்டைகளோடு மூட்டையாக வேலம்மாளும் வருவாள் என்பதைத் தவிர அவனுக்கு வேறு உள்நோக்கம் கிடையாது.

லயங்களைத் தாண்டியதும் ஒரு செங்குத்தான சரிவு. அங்கே ஒருநாள் கடைசிப் பெட்டி தண்டவாளத்தை விட்டுக் குதித்ததால், சரிவு தொடங்கும் இடத்தில் குரியன் சார் ஒரு போர்டு நட்டார். மலையாளத்திலும் தமிழிலும் ஒரே சொல்: 'இறக்கம்'. பிரேக்மேன் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்பது கருத்து. மறுநாள் முதல் வண்டி அங்கே வேகம் குறைந்ததும் பெண்கள் வரிசையாகக் குதித்து லயத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒருநாள் குரியன் சார் வழியில் நின்று பிடித்துவிட்டார். "ஆரா இவிடெ இறங்கான் பறஞ்ஞது?" என்று சத்தம் போட்டார். பறிப்புக்கார முத்தம்மா, ஐந்தாம் வகுப்புவரை படித்தவள், இடுப்பில் கை வைத்துப் போர்டைக் காட்டினாள்:

"படிக்காதவளுவ பேக்டரி வரைக்கும் போயித் திரும்பி நடந்து வாராளுவ. நான் படிச்சவ சார், எழுதிப் போட்ட எடத்துல இறங்குதேன். இதுலயும் குத்தமா?"

மிக்சர் மருந்து

மேல் காட்டு ஷெட்டிலிருந்து குரியன் சார் அறைக்கு ஒரு போன் இருந்தது. கத்திப் பேசினால் போனே தேவையில்லை என்ற தரத்தில் அது வேலை செய்யும். ஒரு காலையில் மேல் காட்டை மூடுபனி போர்த்திவிட்டது. எஞ்சினின் நங்கூரமே கண்ணுக்குத் தெரியவில்லை. மாடசாமி போன் செய்தான்.

"சார், பனி. வண்டி எடுக்க முடியாது."

"பனியோ? ஆர்க்கா?"

"ஆருக்குன்னு கேட்டா? எல்லாருக்கும் பனிதான் சார். மேல் காடு முழுக்க."

"ஈசுவரா! எப்போ தொடங்கி?"

"விடிஞ்சதுல இருந்து. நேரம் போகப் போகக் கூடுது."

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நான் பேக்டரியில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அறையில் இருந்திருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். அரைமணியில் எஸ்டேட் கம்பவுண்டர், பெரிய பாட்டில் நிறைய மிக்சரோடும் ஊசிப் பெட்டியோடும் ஜீப்பில் மேலே போனார். கொள்ளைநோய் என்றல்லவா அவருக்குச் சொல்லியிருந்தது! யார் பேச்சையும் கேட்காமல் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றினார். கம்பெனி சும்மா கொடுப்பதை எஸ்டேட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சிலர் வரிசையில் இரண்டாம் முறையும் வந்தார்கள். பாட்டில் காலியாகும் நேரத்துக்குக் காற்றடித்தது, வெயில் வந்தது, தண்டவாளம் கீழ்வரை பளிச்சென்று தெரிந்தது. முத்தம்மா உதட்டைத் துடைத்துக்கொண்டு கம்பவுண்டரிடம் சொன்னாள்:

"நல்ல கைராசிய்யா உங்களுக்கு. குடிச்ச ஒடனே பனி போயிருச்சே!"

பெரிய சார் வந்த நாள்

மழை விட்டதும் லைனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கொச்சி ஆபீசிலிருந்து பெரிய சார் வந்தார். மாடசாமி வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, பிரேக் கம்பிக்கும் கொஞ்சம் எண்ணெய் வைத்திருந்தான். பேக்டரி வாசலில் சுப்பையா காக்கி உடுப்பில் விறைப்பாக நின்றார். தன் மகளின் கல்யாணமும் அன்றைக்கு அந்த வண்டியில்தான் போகிறது என்பது அவருக்கும் தெரியும். முதல் பெட்டியில் ஒரு பிரம்பு நாற்காலியைக் கயிற்றால் கட்டி, அதில் பெரிய சாரை உட்கார வைத்தோம். பக்கத்தில் குரியன் சார். பின் பெட்டியில் நான்.

எஞ்சின் பாதி ஏற்றம்வரை அருமையாகப் போனது. பிறகு இருமியது, நின்றது. மாடசாமி ஒரே பிடியில் பிரேக்கைப் போட்டான். பெட்டி ஒரு அங்குலம்கூட நழுவவில்லை. பெரிய சார் மடியிலிருந்த தொப்பிகூட அசையவில்லை. அந்த நிமிஷம் வரை நாங்கள் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தோம். பெரிய சார் திரும்பி மாடசாமியிடம் கேட்டார்:

"இது ஸ்திரமாணோ?"

இதில் ஒரு விஷயம். மலையாளத்தில் ஸ்திரம் என்றால் நிரந்தரம். வழக்கமாக நடப்பதற்கும் அதே சொல்தான். இப்படி நிற்பது வழக்கமா என்று கேட்டார் பெரிய சார். மாதக்கணக்கில் ஒரே ஒரு ஸ்திரத்தைக் கனவு கண்டுகொண்டிருந்த மாடசாமிக்கு வேறு அர்த்தம் எப்படித் தோன்றும்? கண் கலங்கிவிட்டான்.

"ஸ்திரந்தான்யா! நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சாகுற வரைக்கும் ஸ்திரம்!"

"எல்லா திவசமும்?"

"எல்லா நாளும்யா! ஞாயித்துக்கிழமைகூட!"

நான் பெட்டி தாண்டி ஓடிவருவதற்குள் பெரிய சார் இறங்கி, காலால் நடந்தே கீழே போய்க்கொண்டிருந்தார். லைன் வேண்டாம், டிராக்டர் போதும் என்பது பேக்டரி வாசலை எட்டும்போதே முடிவாகிவிட்டது. நடந்ததை நான் விளக்கிச் சொன்னதும் மாடசாமி தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டான். குரியன் சார் அவன் தோளில் கை வைத்தார். அவருக்கும் அந்த லைன் மேல் ஆசை இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மாடசாமீ, ஆ பிரேக் நீ வாயிலல்லோ பிடிக்கேண்டியிருந்தது!"

நிற்கும் வண்டி

எங்கள் கணக்கைத் தீர்த்து அனுப்பத் தயாரானார்கள். தண்டவாளத்தை வாங்க வந்த காயலான் கடைக்காரர் மலையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இறக்கிக்கொண்டு போகும் கூலிக்குக் கட்டாது என்று டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அதற்குள் தண்டவாளம் துண்டு துண்டாகக் காணாமல் போக ஆரம்பித்தது. ஒரு துண்டு கோழிக்கூட்டுக்கு உத்தரமாகவும், இன்னொன்று டீக்கடை பெஞ்சுக்குக் காலாகவும் அகப்பட்டன. காவல் போட்டே ஆக வேண்டும் என்று கம்பெனி சொன்னது. கம்பெனி விதிப்படி காவல்காரன் வேலை டெம்பரவரியாக இருக்க முடியாது. குரியன் சார் வாய் திறக்காமல் மாடசாமியின் பெயரைப் போட்டார்.

தை மாதம் கல்யாணம். பந்தியில் சுப்பையாவே இலை இலையாகப் போய் விசாரித்தார். என் இலைக்கு முன் வந்ததும், லைனைத் திரும்ப ஓட்ட யாரோ யோசிக்கிறார்களாமே என்று விளையாட்டாகக் கேட்டுவைத்தேன். கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு கிளார்க்கையா? இந்த ரயிலு ஒருக்காலமும் ஓடிரக் கூடாதுன்னு முனியசாமிக்கு கெடாயே நேந்திருக்கேன்!"

ஓடியவரைக்கும் எங்கள் எல்லோரையும் டெம்பரவரியாக வைத்திருந்துவிட்டு, ஓடாமல் பார்த்துக்கொள்வதற்கு மட்டும் ஒருவனை ஸ்திரமாக நியமித்த ரயிலில்தான் நானும் கொஞ்ச நாள் உத்தியோகம் பார்த்தேன்.