வாவிக்கரையில் வைத்த ஒரு பிடி சோறு

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ வருடமாகப் பேனையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கிழமை கடைச் சோற்றுப் பார்சலை அவிழ்த்தபோது, சூட்டில் வாடிய வாழையிலையின் மணம் வந்தது. அதற்குமேல் ஒரு வாய் இறங்கவில்லை. கறி பழுதாகிவிட்டதாக்கும் என்று மனைவி மோந்து பார்த்தாள்.

எனக்கு அது டவுனில் வாவிக்கரைப் பூங்காவின் மணம். சண்டை முடிந்து, பூங்காவைத் திருத்திப் பூச்செடி வைத்திருந்த காலம். அம்மாவின் தமக்கை, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருந்த பெரியம்மா, கண்ணுக்கு மருந்தெடுக்க வந்து எங்கள் வீட்டில் நின்றார். பிள்ளைகளோடு அவரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

"உன்ட வயித்துக்கு வேற ஓட்டோ பிடிச்சிருக்கலாம் மனே," என்று வழியெல்லாம் என்னைப் பகிடி பண்ணினார்.

அவருக்கு ஒரே மகன், எனக்கு அண்ணன். சண்டைக் காலத்தில் ஒரு காலை, மேசன் வேலைக்கென்று தோணியில் வாவியைக் கடந்து இந்தக் கரையில்தான் இறங்கினார். இறங்கியதைத் தோணிக்காரர் கண்டார். பிறகு ஒருவரும் காணவில்லை.

பெரியம்மா கரையையும் அங்கிருந்த ஆசனங்களையுமே பார்த்துக்கொண்டு நின்றார். "வாங்கு போட்டிருக்கானுகள். களைச்சு வாறவங்க இருக்கலாம்," என்றார்.

புல்லில் பாய் விரித்தோம். மனைவி வீட்டில் சமைத்து வாழையிலையில் கட்டிவந்த பார்சலை அவிழ்த்தாள். அவள் மனதில் என்ன பட்டதோ, துண்டு இலையில் ஒரு பிடி சோறும் இரண்டு இறாலும் எடுத்து, தண்ணீர்ப் பக்கமாக வைத்துக் கும்பிட்டாள். செத்தவர்களுக்கு அப்படித்தானே வைப்போம். நானும், கடவுள் அறிய, நல்ல காரியம் என்றே கைகூப்பினேன்.

"ஆருக்குப் புள்ள இது?"

"அத்தானுக்கு மாமி. உங்கட மகனுக்கு இறால் விருப்பமெண்டு சொல்லுவீங்களே."

பெரியம்மா கோபிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அதற்குள் ஒரு காகம் இலைக்குக் கிட்ட வந்துவிட்டது. காகம் கொத்தினால் செத்தவர் படையலை ஏற்றுக்கொண்டார் என்றல்லவா ஆகிவிடும். பெரியம்மா சேலைத் தலைப்பை வீசி அதைக் கலைத்தார். இலையை ஏந்திக்கொண்டு பாயில் வந்து இருந்தார்.

"உசிரோட இருக்கிற புள்ளைக்குப் படைக்கிறதா? அவன் இன்னும் வரல்ல. அவ்வளவுதான்."

அந்தச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தானே சாப்பிட்டார். மனைவி விம்மி அழுதாள்.

"அழாத புள்ள. உப்பு மட்டாத்தான் போட்டிருக்காய்."

பெரியம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வீட்டுப் படலையை இப்போது பூட்டியிருக்கிறார்கள். அவர் இருந்தவரை அது பூட்டியதே இல்லை. சித்திரைப் பறுவத்தில், தாயை இழந்தவர்கள் பிடிக்கும் விரதமிருந்து, அம்மாவின் பெயரோடு அவர் பெயரையும் ஐயரிடம் சொல்கிறேன். அண்ணனின் பெயர் நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுவேன். சொன்னால் பாவமா, சொல்லாமல் விட்டால் பாவமா, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

இதை வாசித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் சொல்லும்போது, செத்துப்போன மகன் என்று மாற்றிவிடாதீர்கள். இன்னும் வரவில்லை என்றே சொல்லுங்கள்.