பேண்டேஜ் சுற்றிய கை

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தெரு எங்களுடையது. தறியில் விரல் மாட்டினாலும் சரி, அரிவாள்மனை அறுத்தாலும் சரி, வேஸ்ட் துணியில் ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்ப்போம். தெருவில் பாதிப் பேர் கையில் கட்டு இருக்கும். என்ன ஏது என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

என் தம்பியையும் அப்படித்தான் கேட்கவில்லை. பம்பாய்க்குத் துணி ஏற்றிப்போகும் லாரியில் அவன் கிளீனர். எண்பதுகளின் கடைசியில் அங்கேதான் ஹெராயின் பவுடர் பழகினான். முதலில் புகை, பிறகு ஊசி. ஊருக்கு வந்தால் சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே தலை தொங்கும். "லாரியில தூக்கம் ஏது, பாவம்" என்பாள் அம்மா. பவுடர் கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகும், கால் உளைச்சலில் புரளுவான். சளி என்று நினைத்து அம்மா கஷாயம் வைத்தாள். என்னத்தைச் சொல்ல.

என்னைக் கட்டிக்கொடுத்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு அவன் வந்தபோது முழங்கைக் கட்டிலிருந்து வாடை அடித்தது.

"ஏலே, அவுத்துக் காட்டு."

"லாரி தார்ப்பாக் கயிறு அறுத்துட்டுக்கா."

நானே அவிழ்த்தேன். சீழ் பிடித்துக் குழி விழுந்திருந்தது. அப்படியே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்தவுடன் பவுடர் ஊசி போட்ட புண் என்றார், போதையை விடவைக்க மதுரைக்கு அனுப்பினார்.

தம்பி தேறித்தான் வந்தான். "இனி உடம்பு பழைய அளவத் தாங்காது. ஒரு தடவ தொட்டாலும் மூச்சு நின்னுரும்" என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். லாரியை விட்டுவிட்டு எங்கள் தெருவிலேயே தறிக்குப் போனான். தூக்கம்தான் வரவில்லை. விடிய விடிய உட்கார்ந்திருப்பான், அம்மாவும் கூடவே உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் மத்தியானம் நான் ஊருக்குப் போனபோது அம்மா வாசலிலேயே என் வாயைப் பொத்தினாள்.

"சத்தம் போடாதட்டி. இன்னைக்குத்தான் நல்லா கொறட்ட விட்டுத் தூங்குதான். இப்பத்தான் கொறட்டையும் அடங்குச்சு."

உள்ளே போய்ப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது, மூச்சில்லை. முழங்கையில் புதுக் கட்டு. காலையிலேயே அம்மா அதைப் பார்த்தாளாம். தறியில் அறுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாளாம். அவளைத் திட்ட எனக்குத் தெம்பில்லை.

அதற்குப் பிறகு கட்டோடு யார் எதிரே வந்தாலும் அம்மா வழிமறித்து, "அவுத்துக் காட்டு" என்பாள். தெருவில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. அவிழ்த்துக் காட்டிவிட்டு, அவள் கையாலேயே திரும்பக் கட்டிக்கொண்டு போனார்கள்.