இடது கை மேஜை மேல இருக்கட்டும்

உங்கள் இடது கையைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். கட்டைவிரலை விட்டுவிடுங்கள். மிச்சம் நாலு விரல், விரலுக்கு மூன்று கணு, மொத்தம் பன்னிரண்டு. கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவாகத் தொட்டுக்கொண்டே போனால் சுண்டுவிரல் முடியும்போது ஒரு டஜன் ஆகியிருக்கும். இவ்வளவுதான் நான் செய்தது. இதற்காகப் பத்தாவது பொதுத்தேர்வில், கணக்குப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது, என்னை ஒரு ஸ்டோர் ரூமுக்குள் கூட்டிப்போய்த் துப்பட்டாவை உதறிப் பார்த்தார்கள். வருஷம் எவ்வளவோ ஓடிவிட்டது. எழுத உட்கார்ந்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். அம்மா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருந்தால் ஒதுக்கிவிட்டு, நல்லதை டஜன் டஜனாகக் கட்டிப் போட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கும் ஒரு மூட்டை வரும், நூல் பிசிறு வெட்டுவதற்கு. டிவியில் சீரியல் ஓடும். அம்மாவின் வாய் பாட்டுக்கு வில்லியைத் திட்டிக்கொண்டிருக்கும், கட்டைவிரல் பாட்டுக்குக் கணுவைத் தொட்டுக்கொண்டு போகும். எங்கள் லைன் வீட்டில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் எண்ணினார்கள். யாரும் அதை ஒரு வித்தையாக நினைத்ததில்லை.

எனக்கு மட்டும் அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்துக்கும் கூடவே வந்தது. எந்த எண்ணைப் பார்த்தாலும் இதில் எத்தனை டஜன் என்றுதான் முதலில் தோன்றும். முப்பத்தாறால் பெருக்க வேண்டுமா, மூன்று டஜன். முதலில் மூன்றால் பெருக்கு, அப்புறம் பன்னிரண்டால். விரல் நகரும், விடை வந்துவிடும். எனக்குப் பிடித்த ஒரே பாடம் அது. ப்ளஸ் ஒன்னில் கணக்கு இருக்கிற முதல் குரூப், அப்புறம் இன்ஜினியரிங் என்று எட்டாவதிலேயே முடிவு பண்ணிவிட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் முதல் குரூப் கிடைக்கப் பத்தாவது கணக்கில் தொண்ணூறு வேண்டும். தொண்ணூறுதானே, வாங்கிவிடலாம் என்று அம்மாவிடம் தெனாவட்டாகச் சொல்லியிருந்தேன்.

அது மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடம். பாதிப் பேர் கம்பெனி முதலாளிகளின் பிள்ளைகள், பாதிப் பேர் அவர்களிடம் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள். முதலாளிப் பிள்ளைகள் அப்பாவின் ஆபீஸிலிருந்து கால்குலேட்டர் கொண்டுவருவார்கள். எட்டாவதில் ரெண்டு மூன்று இருந்தது, பத்தாவதில் பெஞ்சுக்கு ரெண்டாகிவிட்டது. ஐம்பதில் பாதி எவ்வளவு என்றால்கூடப் பையைத் திறப்பார்கள். கணக்கு சார் அதைக் கண்டிக்கவா செய்தார்? அவரே மேஜை மேல் ஒன்று பெரிதாக வைத்திருந்தார். "மூளைய எதுக்கு கண்ணு வீணாக்கற? மெசினு இருக்குதுல்ல?" என்பார்.

ஒரு நாள் ஒரு பஸ்ஸில் எத்தனை பேர் போனார்கள் என்று ஒரு கணக்கு. வகுப்பே டொக் டொக்கென்று அமுக்கி, "நாலு புள்ளி எட்டு சார்" என்றது. எவனோ புள்ளியைத் தப்பாக அமுக்கியிருக்கிறான், மற்றவர்கள் அவனைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சாரும் திரும்பி, கரும்பலகையில் நாலு புள்ளி எட்டு பேர் என்று எழுதினார். நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியவில்லை. "சார், அந்த மிச்ச ஆளு எந்த சீட்டுல உட்காருவாரு?" என்று கேட்டுவிட்டேன். நாற்பத்தெட்டு என்று திருத்தி எழுதிவிட்டு, வாய்க்கொழுப்புக்காக என்னை வெளியே நிற்க வைத்தார். தப்பாக அமுக்கினவன் உள்ளே உட்கார்ந்திருந்தான், நான் வராந்தாவில் நின்றேன்.

பொதுத்தேர்வில் கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. அது சாருக்கு ஜனவரியில்தான் ஞாபகம் வந்ததுபோல. ஒரு நாள் வந்து எல்லா மெஷினையும் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். வகுப்பு திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி முழித்தது. ஏழாம் வாய்ப்பாடு தெரியாமல் பத்தாவது வரை வந்தவர்கள் இரண்டே மாதத்தில் என்ன செய்வார்கள், பாவம்! பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களை அப்படி வளர்த்துவிட்டு, கடைசியில் "இதுகூடத் தெரியலையா?" என்று பிரம்பைத் தூக்கினார் பாருங்கள், அந்த ஆள் மேல்தான் கோபம்.

என்னிடம் அவர் வேறு மாதிரி வந்தார். நான் விரலால் எண்ணுவதை அப்போதுதான் உற்றுப் பார்த்தார். "என்ன கண்ணு, எல்கேஜி புள்ளையாட்ட வெரல் வுட்டு எண்ணிக்கிட்டு? பரீட்சை ஹால்ல யாராச்சும் பாத்தா நம்ம ஸ்கூலத்தான் சிரிப்பாங்க. எண்ணியே ஆகோணும்னா கைய பெஞ்சுக்குக் கீழ வெச்சுக்கோ" என்றார். வகுப்பு சிரித்தது. ஏழாம் வாய்ப்பாடு தெரியாத வகுப்பு! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றையிலிருந்து என் இடது கை பெஞ்சுக்குக் கீழே போனது.

பரீட்சை வேறொரு பள்ளிக்கூடத்தில். முந்தின பரீட்சையில் ஏதோ ஒரு சென்டரில் ஒரு பையன் கால்குலேட்டர் வாட்ச்சோடு மாட்டிக்கொண்டானாம். அதனால் எல்லார் வாட்ச்சையும் வாசலிலேயே கழற்றி வாங்கினார்கள். நான் வாட்ச்சே கட்டுவதில்லை. உள்ளே போய் உட்கார்ந்து வினாத்தாளைப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த கணக்கு. அம்மாவிடம் சொன்னது சும்மா சொன்னதில்லை என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

உருளையின் கன அளவு கணக்குக்கு வந்தேன். ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறை முப்பத்தாறால் பெருக்க வேண்டும். மூன்று டஜன். கீழே கட்டைவிரல் ஓடியது. நாற்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றாறு என்று எழுதினேன். எழுதி முடித்து நிமிர்ந்தால் தலைக்கு மேல் ஒரு டீச்சரம்மா. பின்னால் ஓர் அதிகாரி. பறக்கும் படை. காப்பி அடிப்பவர்களைப் பிடிக்கத் திடீரென்று வந்து நிற்பார்களே, அவர்கள்தான்.

"கையில என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க மேடம்."

"கீழ எதையோ அமுக்கிட்டிருந்தியே, நான் பாத்தேனே."

கையை விரித்துக் காட்டினேன். வெறுங்கை. அந்த அம்மா கீழே குனிந்து தேடினார், பக்கத்துப் பிள்ளையின் காலடியில் தேடினார். அப்புறம் என் விடைத்தாளைப் பார்த்தார். ஓரத்தில் கிறுக்கல் இல்லை, பெருக்கிப் பார்த்த அடையாளம் எதுவும் இல்லை, விடை மட்டும் நிற்கிறது. "ரஃப் ஒர்க்கே இல்லாம இத்தாப்பெரிய பெருக்கல் எப்படி வந்துச்சு?" என்றார். மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினார். ஹால் முழுக்க என்னையே பார்த்தது.

ஸ்டோர் ரூமில் உடைந்த பெஞ்சும் சாக்பீஸ் பெட்டியும் கிடந்தன. கதவைச் சாத்திக்கொண்டு அந்த அம்மா துப்பட்டாவின் பின்னைக் கழற்றி உதறினார். ஷூவைக் கழற்றச் சொன்னார், சாக்ஸைத் திருப்பினார், சடைக்குள் கையை விட்டுத் துழாவினார். சீ! சடைக்குள் என்னத்தை ஒளித்து வைக்க முடியும்? ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லையே என்று அவர் முகத்தில் ஓர் ஏமாற்றம் தெரிந்தது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் அழுதுகொண்டே அதிகாரியிடம் சொன்னேன், "டஜன் கணக்குங்க சார். விரல்ல எண்ணினேன்."

"டஜனா? இதென்ன பரீட்சை ஹாலா, பனியன் கம்பெனியா?" என்று சிரித்தார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். "சரி, உண்மைதானான்னு பாத்துருவோம். நாப்பத்தேழ இருபத்தெட்டால பெருக்கிச் சொல்லு." கேட்டுவிட்டு, விடை என்னவென்று அவர் அந்தப் போனில் அமுக்கிப் பார்த்தார். கணக்குக் கேட்கிற ஆளுக்கே விடை தெரியாது, மெஷின் வேண்டும். ஆனால் மெஷின் வைத்திருந்தாயா என்று என்னைக் கேட்கிறார்!

அந்த அம்மா என் இடது மணிக்கட்டை இன்னும் விடவில்லை. விரல்கள் அவர் பிடிக்குள் மடங்கிக் கிடந்தன. தலைக்குள் வெறும் இரைச்சல். ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் என்று என்னவோ உளறினேன்.

"தப்பு" என்றார் அதிகாரி, போனைப் பார்த்து.

கையும் களவுமாகப் பிடிக்க எதுவும் இல்லாததால் என் பேரில் புகார் எழுத முடியவில்லை. ஹால் டீச்சரைக் கூப்பிட்டார். "எழுதட்டும். ஆனா இடது கை மேஜை மேல இருக்கட்டும். விரிச்சு வெக்கணும், அசையக்கூடாது." போன நேரத்துக்குப் பதில் நேரம் கிடையாது. அந்த அம்மா என் கையை விட்டார். பெஞ்சுக்குத் திரும்பி நடக்கும்போதே விரல் தானாக நகர்ந்து விடை வந்துவிட்டது, ஆயிரத்து முந்நூற்றுப் பதினாறு. திரும்பிப் பார்த்தேன். அவர்கள் அடுத்த ஹாலுக்குப் போய்விட்டார்கள்.

மிச்சம் இருந்தது ரெண்டு பெரிய கணக்கு. கூம்பு ஒன்று, திட்ட விலக்கம் ஒன்று. திட்ட விலக்கம் என்றால் ஒவ்வோர் எண்ணாக வர்க்கம் எடுத்து, பெருக்கி, கூட்டிக்கொண்டே போக வேண்டும். என் கை மேஜை மேல் செத்த தவளை மாதிரி மல்லாந்து கிடந்தது. கட்டைவிரல் லேசாக அசைந்தாலும் ஹால் டீச்சர் தொண்டையைக் கனைத்தார். தாளில் எழுதிப் பெருக்கி எனக்குப் பழக்கமில்லை, நேரமும் ஓடிவிட்டது. கூம்பைப் பாதியில் விட்டேன். திட்ட விலக்கத்தில் கட்டம் போட்டேன், அவ்வளவுதான். மணி அடித்துவிட்டது.

எண்பத்து நாலு வந்தது. மார்க் ஷீட்டை எடுத்துக்கொண்டு அம்மா கம்பெனிக்கு லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ப்ளஸ் ஒன் அட்மிஷனுக்கு உட்கார்ந்திருந்தது அதே கணக்கு சார். சத்தியமாகச் சொல்கிறேன், தொண்ணூறில் எண்பத்து நாலைக் கழிக்க அவர் கால்குலேட்டரை அமுக்கினார். "ஆறு மார்க்கு கம்மிங்க" என்றார்.

"இதுக்கு மிசினு வேறயா?" என்றாள் அம்மா. "சார், இவ விரல்ல எண்ணுதத நீங்க வருசம் பூரா பாத்திருக்கீங்கல்லா? கைய கீழ வைன்னு சொன்னதும் நீங்கதானே? எம்புள்ள களவாண்டு எழுதலன்னு அன்னைக்கே இவ ஓடி வந்து சொன்னதும் அந்த சென்டருல போயி ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?"

"நா எதுக்குங்க அதுல தலையிடறது? ரூல்ஸ்னு ஒண்ணு இருக்குதுங்கல்ல. காமர்ஸ் குரூப்பு தாரேன், சேத்துக்கங்க."

அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நல்லா இருப்பீங்க சார்" என்றாள். எங்கள் ஊரில் அதை எந்தத் தொனியில் சொன்னால் என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரிந்திருக்காது. கவர்ன்மெண்ட் ஸ்கூலுக்கு ஓடினோம், முதல் குரூப்பில் இடம் முடிந்துவிட்டது. காமர்ஸ்தான் சேர்ந்தேன். இன்ஜினியரிங் கனவு அந்த ஆறு மார்க்கோடு போனது.

அப்புறம் பி.காம். இரண்டாம் வருஷம் புள்ளியியல் பரீட்சை. வினாத்தாளின் தலையிலேயே அச்சடித்திருந்தது, கால்குலேட்டர் பயன்படுத்தலாம் என்று. ஹாலில் எல்லார் மேஜையிலும் ஒவ்வொன்று. வினாத்தாளைப் புரட்டினால் முதல் பெரிய கணக்கே திட்ட விலக்கம். கண்காணிப்புக்கு வந்த மேடம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார்.

"கால்குலேட்டர் கொண்டாரலியா கண்ணு? அது இல்லாம எப்படி எழுதுவ? அட பாவமே!" என்றார். நல்ல மனுஷிதான். பார்த்துப் பதறிவிட்டார். தன் பைக்குள் தேடி, தன்னுடையதையே எடுத்து என் மேஜையில் வைத்தார்.

வந்தது பாருங்கள் ஒரு கோபம். பாவமாம்! நான் அந்த மெஷினை எடுத்து மேஜையின் ஓரத்துக்குத் தள்ளினேன். அது இருந்த இடத்தில் என் இடது கையை விரித்து வைத்தேன். முதல் எண், அதன் வர்க்கம், கட்டைவிரல் நகர ஆரம்பித்தது. எல்லாரும் பார்க்க, மேஜை மேலேயே.

"வெரல் வுட்டா எண்ணற?" என்றார் மேடம். "நேரம் போயிரும் கண்ணு. மெசினுல போடு."

"பத்தாவது பரீட்சையில இது எங்கிட்ட இருக்குதான்னு என் சடைக்குள்ள கைய விட்டுத் தேடினாங்க மேடம்" என்றேன். "அன்னைக்கும் எங்கிட்ட இல்ல. இன்னைக்கும் வேண்டாங்க."

அவர் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். நான் திட்ட விலக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் போட்டு முடித்தேன்.