முகத்தில் பட்ட தண்ணீர்

முதன்முதலில் அது வந்தது பள்ளிவாசலில். ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்ய இரு கையிலும் தண்ணீர் எடுத்து முகத்தில் விட்டேன். மூச்சு நின்றுவிட்டது. நெஞ்சு அடைத்து, காது இரைந்து, சாகப்போகிறேன் என்றே நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர், "என்ன மக்கா, தல சுத்துதா?" என்றார். "ஆமா, வெயிலு" என்று சொல்லிவிட்டுத் தொழாமலே வீட்டுக்கு வந்தேன்.

நான் குளச்சலில் மீன்பிடிப்பவன். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எங்கள் வள்ளம் கடலில் கவிழ்ந்து, என் மனைவி ரஹ்மத்தின் தம்பி யூசுப் இறந்துபோனான். அந்த வழியாக வந்த இன்னொரு வள்ளத்துக்காரர்கள் என்னைத் தூக்கிக் கரைசேர்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தவர்கள் ரஹ்மத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னிடம், "ஒன்ன அல்லா காப்பாத்திட்டான்லா, பிறவு என்ன?" என்றார்கள். தம்பியைப் பறிகொடுத்தவள் முன்னால், பிழைத்து வந்தவன் தனக்குப் பயமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வான்?

குளிப்பதை விட்டு, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டேன். கடலுக்குக் கூப்பிட்டவர்களிடம் முதுகுவலி என்றேன். ஓட்டில் மழை விழுந்தாலே காதைப் பொத்திக்கொண்டேன்.

யாருக்கும் சொல்லாமல் நாகர்கோவிலுக்குப் போய் இதய மருத்துவரைப் பார்த்தேன். நெஞ்சுவலிக்கு வைத்தியம் பார்ப்பதில் ஆணுக்கு வெட்கமில்லை. இ.சி.ஜி. (இதயத் துடிப்பைப் பதியும் சோதனை) எடுத்தார்கள். "இதயம் நல்லா இருக்கு. மனநல மருத்துவர் ஒருத்தரப் பாருங்க" என்றார் அவர். தலையாட்டிவிட்டு நேரே பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். கிறுக்கன் என்று பெயர் விழுந்தால் என்னை எந்த வள்ளத்தில் ஏற்றுவார்கள்?

இதயத்தில் கோளாறு இல்லை என்றதும் பயம் கூடியது. அப்படியானால் இது என்ன?

ஒருநாள் ரஹ்மத் அடுக்களையில் வேலையாக இருந்ததால், தட்ட முடியாமல் என் மகள் ஆயிஷாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். நடக்கப் பழகிய பருவம். தண்ணீர் நிறைந்த தொட்டியில் உட்கார்ந்து, சிரித்தபடி கையால் ஓங்கி அடித்தாள். தண்ணீர் என் மூக்கிலும் வாயிலும் ஏறியது.

அடுத்து எனக்குத் தெரிந்தபோது தெருவில் நின்றிருந்தேன். பின்னால் ரஹ்மத்தின் அலறல். "பிள்ளையத் தண்ணில விட்டுட்டு எங்க ஓடுதியோ?" அவள் தோளில் ஆயிஷா இருமிக்கொண்டிருந்தாள். அடுக்களையிலிருந்து அவள் வரக் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றுவரை முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"எனக்கு என்னமோ ஆயிப்போச்சு, ரஹ்மத்து. இனி பிள்ளைய என் கையில தராத" என்றேன். கடலுக்குப் பயந்தவன் அன்றுமுதல் என்னைக் கண்டே பயந்தேன்.

இதய மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். மறுநாள் அவள்தான் நாகர்கோவில் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். மனநலப் பிரிவின் வராந்தாவில், தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று துண்டால் முகத்தை மூடி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவர் என்னைவிட இளையவர். இதற்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (உயிர்ப்பயம் தந்த நிகழ்ச்சி முடிந்த பிறகும் உடம்பு அதிலேயே சிக்கி நிற்பது) என்று பெயர் சொன்னார்.

"கிறுக்கா டாக்டர்?"

"இல்ல. நீங்க கரைக்கு வந்துட்டீங்க. ஒங்க ஒடம்பு இன்னும் தண்ணிக்குள்ளதான் இருக்கு."

மாத்திரை கொடுத்தார். நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்ல வேண்டும் என்றார். மாத்திரையை விழுங்கிவிட்டேன்; வாயைத் திறக்க முடியவில்லை. ஒருமுறை நாகர்கோவில்வரை போய், மருத்துவமனைக்குள் நுழையாமலே திரும்பினேன். பிறகொரு நாள் பாதி சொன்னேன். அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. முன்னைவிட மோசமாகிவிட்டதாகவே தோன்றியது. இதைப் படிக்கிறவர்களுக்கும் அப்படி ஒரு கட்டம் வரலாம். எனக்கு வந்தது, அதைத் தாண்டியும் போனேன்.

நான் பயந்த கேள்வியை ஒரு மாலையில் ரஹ்மத்தே கேட்டாள். "தம்பி கடைசியா என்ன சொன்னான்?"

"மச்சான், கால்ல வல சுத்திட்டுன்னு சொன்னான். முங்கிப் பாத்தேன். அவுக்க முடியல்ல. மூச்செடுக்க மேல வந்தேன். மறுபடி முங்குனப்ப அவன் கால் அசையல்ல."

அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு கேட்டாள்: "இத இவ்வளவு நாளும் ஒத்தையிலயா வச்சிட்டு இருந்தியோ?"

அன்றுதான் யூசுப்புக்காக நானும் அழுதேன்.

இப்போது கரையில் மீன் ஏலம் போடும் இடத்தில் வேலை. குளிக்கிறேன், முகத்துக்கு மட்டும் தண்ணீரை மெதுவாகவே கொண்டுபோகிறேன். கடலுக்குப் போவேனா என்று கேட்பவர்களிடம், தெரியவில்லை என்கிறேன். முதுகுவலி என்று சொல்வதில்லை.

நாங்கள் தண்ணீரில் கிடந்தது அரை மணி நேரம் இருக்கும் என்றார்கள், காப்பாற்றியவர்கள். என் உடம்பில் அது மாதக்கணக்கில் நடந்தது. காற்று திரும்பி மழை இருட்டும்போது, நான் பயப்படுவதற்கு முன்பே என் தோள்கள் பயந்துவிடுகின்றன. உட்கார்ந்து, அது போகக் காத்திருக்கிறேன். சிலநாள் சீக்கிரம் போய்விடும். போகாத நாளில், மடியில் இருக்கும் ஆயிஷாவை அவள் உம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்து, திரும்பவும் உட்கார்ந்துகொள்கிறேன்.